பேரல் மாறினால் கதையும் மாறும்: தஞ்சை அரண்மனையின் ஆயுதக் கிடங்கு சொல்லும் பாடம்

உங்கள் வீட்டில் இரண்டு பிரஷர் குக்கர் இருக்கிறதா? அப்படியானால் இந்தச் சண்டை உங்களுக்குப் புதிதாக இருக்காது. "இந்த மூடி அந்தக் குக்கருக்குப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். மாற்றிப் போட்டால் ஓரத்தில் ஆவி பிடுங்கும், விசில் வராது.

இதற்காகத்தான் நம் பாட்டிகள் ஒரு வேலை செய்து வைத்தார்கள். எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடைக்காரர் "பேர் வெட்டித் தரட்டுமா?" என்று கேட்பார். தூக்குவாளியில் பெயர், அதன் மூடியிலும் அதே பெயர், கூடவே தேதி. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தாலும் அந்தத் தூக்கு தன் மூடியோடு வீடு திரும்பிவிடும்.

குக்கர் மூடிக்கு இருக்கும் இந்தப் பிரச்னை, துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கும் இருக்கிறது. அந்தக் கதையைத் தேடிப் போனால், அது நம்மைத் தஞ்சாவூர் அரண்மனை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஒரு ரிவால்வர், நான்கு குழல்

பொதுவாக ரிவால்வரின் குழலை, அதாவது பேரலை, வாங்கியவர் கழற்றி மாற்ற முடியாது. தொழிற்சாலையில் பொருத்தியதுதான். இதை மாற்றிக் காட்டியது, 1968-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய டான் வெசன் நிறுவனம். அவர்களுடைய ரிவால்வரில் குழலைத் திருகிக் கழற்றலாம். அதன்மேல் ஒரு உறை, முனையில் ஒரு நட்டு. 2 அங்குலம் முதல் 15 அங்குலம் வரை விதவிதமான நீளங்களில் குழல்கள் விற்றார்கள். ஒரே பெட்டியில் ஒரு ரிவால்வரும் இரண்டரை, 4, 6, 8 அங்குலத்தில் நான்கு குழல்களும் வைத்துக்கூட விற்பனை நடந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழலுக்கும், தோட்டா சுழலும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். சுமார் 0.15 மில்லிமீட்டர். இதை அளக்கத் தனியாக ஒரு தகடு கொடுப்பார்கள். இடைவெளி குறைந்தால் சிலிண்டர் சுற்றாமல் சிக்கும். கூடினால் ஓரத்தில் வெடிவாயு பீறிடும். குக்கர் மூடி கதைதான், ஆனால் ஆபத்து பல மடங்கு.

இப்போது ஒருவரிடம் இப்படி ஐந்து ரிவால்வர், இருபது குழல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி சட்டகம்தான் துப்பாக்கி. வரிசை எண் இருக்க வேண்டியதும் அதில்தான். குழல் வெறும் உதிரி பாகம். எது எதோடு வந்தது, எதை எப்போது மாற்றினோம் என்று எழுதி வைக்காவிட்டால் சில வருடங்களில் எல்லாம் கலந்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு குழல்களின் உள்துளை வேறு வேறு அளவாக இருக்கலாம். அதனால்தான் அக்கறையுள்ள சேகரிப்பாளர் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு எண் கொடுத்து, நோட்டுப் போட்டு வைக்கிறார்.

1855: லண்டனில் எண், தஞ்சையில் பூட்டு

பாகங்களில் எண் பொறிக்கும் பழக்கம் டான் வெசனுக்கு நூறு வருடம் மூத்தது. சாமுவேல் கோல்ட் செய்த பழைய ரிவால்வர்களில் ஒரு சின்ன ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும். ஆகவே குழல், சட்டகம், சிலிண்டர், விசைக்காப்பு என்று பல பாகங்களிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். இன்றும் ஏலத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் ஒரு விலை, குழலில் மட்டும் வேறு எண் இருந்தால் வேறு விலை. இரும்பு அதே இரும்புதான். கதை அறுந்துபோனதற்குத்தான் விலை குறைகிறது.

1853 முதல் 1856 வரை கோல்ட் லண்டனிலும் ஒரு தொழிற்சாலை நடத்தினார். அங்கே ஒவ்வொரு ரிவால்வராக எண் பொறித்துக்கொண்டிருந்த அதே 1855-ல், தஞ்சாவூரில் மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி இறந்துபோனார். ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி, கிழக்கிந்தியக் கம்பெனி அரச பட்டத்தை முடித்துவைத்தது. 1856-ல் படையோடு வந்து அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றி முத்திரை வைத்தார்கள்.

அரசரின் மனைவி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இது ஓர் அரசு எடுத்த நடவடிக்கை, இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1859-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு இது.

தஞ்சை அரண்மனைக்குப் போனவர்கள் அந்த உயரமான கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 190 அடி உயரம். கோயில் கோபுரம் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே சாமி கிடையாது. கூடகோபுரம் என்று சொல்வார்கள். 1855 வரை கண்காணிப்புக் கோபுரமாகவும் அரசர்களின் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது இதுதான். நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த வாள், கட்டாரி, ஈட்டி, அங்குசம் எல்லாம் இருந்த சேகரிப்பு அது.

அரசு போன பிறகு அந்த ஆயுதங்களுக்கு என்ன ஆனது? சிறந்தவை என்று தேர்ந்தெடுத்த சிலவற்றை சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வேறு சில கடல் கடந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டு, பழைய உலோகமாகப் போனது. பேரீச்சம்பழத்துக்கு இரும்பு போடுவது என்பார்களே, ஓர் அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்குக்கே அந்தக் கதி.

பிடி தஞ்சாவூர், அலகு ஐரோப்பா

சரி, இதற்கும் மாற்றிப் பொருத்தும் பேரலுக்கும் என்ன சம்பந்தம்? தஞ்சாவூர்க் கட்டாரியைக் கையில் எடுத்தால் தெரியும்.

கட்டாரி என்பது முஷ்டியால் பிடித்துக் குத்தும் ஆயுதம். இரண்டு பக்கமும் நீண்ட கம்பி, நடுவில் குறுக்குப் பிடி. தஞ்சைக் கட்டாரிகளில் பலவற்றுக்குக் கையை மறைக்கும் இலை வடிவக் கவசமும் உண்டு. அதில் யாளி, பறவை, கொடி என்று நம் சிற்பிகள் கோயில் தூணில் செய்த வேலையை இரும்பில் செய்திருப்பார்கள். அந்த வேலைப்பாட்டை வைத்தே தஞ்சாவூர் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அலகு? பல கட்டாரிகளில் அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. கடல் வணிகத்தில் வந்த நீண்ட வாளை வெட்டி, தேவையான நீளத்துக்குக் குறைத்து, நம் ஊர்க் கொல்லர் செய்த பிடியில் ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அலகு உடைந்தால் வேறு அலகு, பிடி பழுதானால் வேறு பிடி. டான் வெசன் 1968-ல் விற்ற யோசனையின் மூத்த உறவு என்று சொல்லலாம்.

சில அலகுகளில் ஐரோப்பிய எழுத்துகளில் 'ஆந்திரியா பெராரா' என்ற பெயர் இருக்கிறது. இவர் 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் புகழ்பெற்ற வாள் கொல்லர். அப்படியானால் அந்த அலகு அவர் கையால் செய்ததா? அவசரப்படக் கூடாது. அவர் பெயருக்கு இருந்த மதிப்பைப் பார்த்து, பிற்காலத்தில் ஜெர்மனி உள்ளிட்ட பல இடங்களில் அதே பெயரைப் பொறித்து விற்றிருக்கிறார்கள். கும்பகோணம் டிகிரி காபி என்று நெடுஞ்சாலை முழுக்கப் போர்டு இருக்கிறதே, அது மாதிரி!

ஆக, பொருளில் இருக்கும் முத்திரை மட்டும் போதாது. அது எப்போது வந்தது, யார் வாங்கியது, எந்தப் பிடியில் யார் பொருத்தியது என்று பொருளோடு சேர்ந்து ஒரு கணக்கும் வர வேண்டும். தஞ்சாவூர் ஆயுதங்கள் பலவற்றோடு அந்தக் கணக்கு வரவில்லை.

நியூயார்க்கில் ஒரு எண்

இன்று தஞ்சைக் கட்டாரிகளைப் பார்க்க வேண்டுமென்றால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அங்குள்ள சில, ஜார்ஜ் கேமரூன் ஸ்டோன் என்ற அமெரிக்க சேகரிப்பாளரிடமிருந்து வந்தவை. உலக ஆயுதங்கள் எல்லாவற்றுக்கும் 1934-ல் ஓர் அகராதியே எழுதியவர். 1935-ல் தன் சேகரிப்பை அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதிவைத்தார்.

அந்தப் பொருள்களின் எண் 36.25 என்று தொடங்கும். 36 என்றால் 1936-ல் கணக்கில் ஏறியது. 25 என்றால் அந்த வருடம் வந்த 25-வது வரவு. அதன்பின் ஒரு புள்ளி வைத்து அந்தத் தனிப் பொருளின் எண். மூன்றே எண்ணில் எப்போது, யாரிடமிருந்து, எது என்பது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கட்டாரி எந்த அறைக்குப் போனாலும், எந்த நாட்டுக் கண்காட்சிக்குப் போனாலும், அதன் வரலாறு கூடவே போகும்.

ஆனால் 1936-க்கு முன்னால்? 'தஞ்சாவூர், 16-17-ம் நூற்றாண்டு' என்ற அளவில்தான் பல பொருள்களின் குறிப்பு இருக்கிறது. எந்த நாயக்கர் காலத்தில் செய்தது, எந்தத் தெருக் கொல்லர் செய்தார், யார் இடுப்பில் இருந்தது என்ற கேள்விகளுக்கு அந்த இரும்பு பதில் சொல்லாது.

அதே அரண்மனை, இன்னொரு கதை

அதே அரண்மனை வளாகத்தில்தான் சரஸ்வதி மகால் நூலகமும் இருக்கிறது. ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் பல்லாயிரம். சுவடியும் ஒரு வகையில் கழற்றி மாட்டும் பொருள்தான். கயிறு அறுந்தால் ஓலைகள் கலந்துவிடும். ஓர் ஓலை வேறு கட்டுக்குப் போய்விட்டால் இரண்டு நூலுமே கெட்டுவிடும். அதனால்தான் நம் முன்னோர் ஓலைக்கு ஓலை எண் போட்டார்கள்.

1870-களில் ஆர்தர் பர்னெல் என்ற ஆங்கிலேய நீதிபதி, இந்த நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அது 1880-ல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. என்ன இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்கானது. இன்றும் அங்கே போய்ப் பெயர் சொல்லிச் சுவடி கேட்கலாம்.

நூலகம் பிழைத்ததற்குப் பட்டியல் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அரச குடும்பத்தின் அக்கறை, அறிஞர்களின் உழைப்பு என்று பல இருக்கின்றன. ஆனால் ஒரே வளாகத்தில் இருந்த இரண்டு சேகரிப்பில், கணக்கோடு இருந்தது வீட்டிலேயே இருக்கிறது. மற்றது உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. இதைக் கவனிக்காமல் எப்படி இருக்க முடியும்?

ஒரு போட்டோ மீட்டுத் தந்த நடராஜர்

கணக்கு வைப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு, கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீபுரந்தான் சாட்சி. அங்கிருந்த சோழர் கால நடராஜர் திருட்டுப் போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கூட வந்த ஆவணங்களில், சிலை பல வருடங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாக எழுதியிருந்தது.

அது பொய் என்பதைக் காட்டியது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1950-களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய், ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்களை எடுத்து, ஊர் வாரியாக அடுக்கி வைத்திருக்கிறது. அதில் ஸ்ரீபுரந்தான் நடராஜரின் 1994-ம் வருடப் படம் இருந்தது. உலோகத்தில் இருந்த அடையாளங்கள் அப்படியே ஒத்துப்போயின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் நேரில் வந்து சிலையை ஒப்படைத்தார்.

படம் எடுத்தவர்கள் திருட்டைப் பிடிப்பதற்காக எடுக்கவில்லை. கணக்குக்காக எடுத்தார்கள். அந்தக் கணக்குதான் சாமியை ஊருக்குக் கொண்டுவந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் துப்பாக்கி இருந்தால்

டெல்டாவில் பழைய மிராசு வீடுகளில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பது புதிதல்ல. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவது பல குடும்பங்களுக்குப் பழகிய வேலை. இதில் சில விஷயங்களை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் அடக்கம். அமெரிக்காவில்போல் தனிக் குழலைக் கடையில் வாங்கி வந்து அலமாரியில் அடுக்க முடியாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலின் நீளத்தைக் குறைப்பதே குற்றம். துப்பாக்கியில் இருக்கும் எண்ணை அழிப்பதும், மாற்றுவதும் குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததுக்கும் இதே கணக்குதான்.

முக்கியமாக, உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், நகை மாதிரி துப்பாக்கி வாரிசுக்குத் தானாகப் போய்விடாது. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வேண்டுமானால் வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். சுடவே முடியாத, பழுதுபார்த்தாலும் வேலை செய்யாத பழங்காலத் துப்பாக்கிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது அப்படிப்பட்டதுதானா என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

பரணில் பழைய துப்பாக்கியோ, குழலோ, தோட்டாவோ கிடைத்தால் எடுத்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளை நெருங்க விடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

செல்போன் இருந்தால் போதும்

துப்பாக்கியை விடுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், வீணை, தாத்தாவின் அரிவாள்மணை, பாட்டியின் வெற்றிலைச் செல்லம் என்று ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். குத்துவிளக்கின் தண்டும், தட்டும், மேலே இருக்கும் அன்னமும் கழற்றி மாட்டக் கூடியவைதான். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது அன்னம் ஒரு வீட்டுக்கும் தண்டு ஒரு வீட்டுக்கும் போன கதைகள் நமக்குத் தெரியும்.

உலக அருங்காட்சியகங்கள் 1997 முதல் பயன்படுத்தும் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற முறை இதற்கு உதவும். செல்போனும் ஒரு நோட்டும் இருந்தால் நீங்களே செய்யலாம்.

முதலில் படம். முன், பின், அடி, பக்கவாட்டு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். கழற்ற முடிந்த ஒவ்வொரு பாகத்தையும் தனியாகவும், சேர்த்தும் எடுங்கள்.

அடுத்து அடையாளம். பொறித்த பெயர், எண், முத்திரை இவற்றை அருகில் படம் எடுங்கள். நெளிவு, கீறல், ஒட்டுப்போட்ட இடம் இவற்றை மறைக்காதீர்கள். காணாமல்போனால் கண்டுபிடித்துத் தருவது அந்தக் கீறல்தான்.

மூன்றாவது எண். வீட்டு விளக்கு 1 என்றால், தண்டு 1அ, தட்டு 1ஆ, அன்னம் 1இ. இதை ஓர் அட்டையில் எழுதி நூலால் கட்டினால் போதும். பழைய பொருளில் புதிதாக வெட்டவோ, ஒட்டவோ வேண்டாம். அருங்காட்சியகங்களிலேகூடப் பொருளின்மேல் நேரடியாக எழுத மாட்டார்கள். பின்னால் அகற்றக் கூடிய ஒரு பூச்சைத் தடவி, அதன்மேல்தான் எண் எழுதுவார்கள்.

நான்காவது கதை. யார் வாங்கியது, எந்த வருடம், எந்த ஊர், எந்தக் கல்யாணத்துக்கு, எந்தப் பாகம் எப்போது மாற்றியது. தெரிந்ததை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். இந்தப் பட்டியலை வீட்டில் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். இன்டர்போல் வெளியிட்டிருக்கும் 'ஐடி-ஆர்ட்' என்ற இலவச ஆப்பிலும் உங்கள் பொருள்களைப் பதிவு செய்து வைக்கலாம்.

பீரங்கி மேடு

தஞ்சாவூருக்குப் போனால் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன். வார்த்து எடுத்ததல்ல. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் பழுக்கக் காய்ச்சி, அடித்து இணைத்துச் செய்த ஒரே குழல். கழற்ற முடியாது, மாற்ற முடியாது, எளிதில் தூக்கிப்போகவும் முடியாது. அதனால் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

கையில் தூக்கிப்போகக் கூடிய எதற்கும் அந்த வசதி இல்லை. கட்டாரியோ, சுவடியோ, குத்துவிளக்கோ, அது நம்மோடு இருக்க வேண்டுமென்றால் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். தூக்குவாளியில் பெயர் வெட்டிய பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரே ஒரு பொருளை இறக்கி, துடைத்து, ஒரு படம் எடுத்து, அதன் கதையை நான்கு வரி எழுதிப் பாருங்களேன்!